நத்தமேடும் ஜேசிபியும்: கட்டுமானத்துக்கு முன் அகழாய்வு ஏன், எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. சூளகிரி, பர்கூர், நல்லம்பள்ளி வட்டாரங்களில் சிப்காட், ஓசூருக்கு விமான நிலையம், சாலை விரிவாக்கம் என்று நிலமெடுப்புச் செய்திகள் ஒருபுறம். மயிலாடும்பாறை, சென்னானூர் என்று அகழாய்வுச் செய்திகள் மறுபுறம். இரண்டும் ஒரே மண்ணைப் பற்றியவை என்பதால் ஊரில் கேள்விகளும் கலந்தே எழுகின்றன. தொல்லியல் துறை குழி தோண்டினால் பட்டா நிலம் கைவிட்டுப் போய்விடுமா? நான்கு பானை ஓட்டுக்காகத் தொழிற்சாலை நின்றுவிடுமா? கட்டுமானத்துக்கு முன் தோண்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஏதும் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. அப்படி ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. அது இல்லாததால் என்ன நடக்கிறது என்று புரிய, முதலில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நத்தமேடு என்பது எது

வருவாய்த் துறைப் பதிவேட்டில் 'நத்தம்' என்றால் குடியிருப்புக்கான நிலம். ஊர் இடம் மாறிப்போன பிறகும் அந்தப் பெயர் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். நத்தமேடு, நத்தக்காடு, சாம்பல்மேடு, கோட்டைமேடு என்று புன்செய்க் காட்டுக்குப் பெயர் இருந்து, அங்கே இப்போது வீடே இல்லையென்றால், ஒரு காலத்தில் ஊர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மேடு எப்படி உண்டாகிறது? மண்சுவர் வீடு ஓரிரு தலைமுறை நிற்கும். இடிந்தால் யாரும் மண்ணை அள்ளிக் கொட்டுவதில்லை. சமப்படுத்தி அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம், உடைந்த பானை, தின்று போட்ட எலும்பு எல்லாம் அங்கேயே படியும். சில நூறு ஆண்டுகளில் தரை ஓரடி, ஈரடி உயர்ந்துவிடும். சுற்றிலும் செம்மண்ணாக இருக்க, அந்த ஒரு துண்டு மட்டும் சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று இருக்கும். உழும்போது கலப்பையில் ஓடுகள் தட்டுப்படும்.

இந்த மேடு தனியாக இருப்பது அரிது. மக்கள் வாழ்ந்த இடத்துக்கு அருகில் அவர்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்த இடம் இருக்கும். கல்வட்டம், தரைக்கு மேலே பலகைக்கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டை, தரைக்கடியில் பலகைக்கற்களால் அறைபோல அமைத்த கற்பதுக்கை ஆகியவை இந்த வட்டாரத்தில் ஏராளம். சூளகிரிக்கு அருகே மல்லசந்திரத்தில் பாறை மேலேயே கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. ஊர் மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். இன்னொரு பக்கம் இரும்பு உருக்கிய இடம் இருக்கலாம். கறுத்து, நுரைத்து இறுகிய கசடுக் கட்டிகளும், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்த் துண்டுகளும் சிதறிக் கிடக்கும். வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைத்து வணங்கும் கல், ஆநிரை கவர்ந்தவர்களோடு மோதிச் செத்த ஒரு வீரனின் நடுகல்லாக இருக்கும். மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் அடுக்கியிருக்கும் வழவழப்பான முக்கோணக் கற்களில் சில, புதிய கற்கால மக்கள் தேய்த்துச் செய்த கற்கோடரிகள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கற்திட்டையும் நடுகல்லும் கண்ணில் படும். வாழ்விட மேடு படாது. கோயில் இல்லை, கோட்டைச் சுவர் இல்லை, கல்வெட்டு இல்லை. பார்ப்பவருக்கு அது வெறும் மானாவாரிக் காடு, கேழ்வரகோ கொள்ளோ விளைகிற புன்செய். ஆனால் அந்த மக்கள் என்ன உண்டார்கள், எதை வளர்த்தார்கள், எப்போது வந்தார்கள், ஏன் போனார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது.

பொருளைவிட அது கிடந்த இடம் பெரிது

அகழாய்வு என்றால் புதைந்த பொருளை வெளியே எடுப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் ஜேசிபி வைத்து ஒரே நாளில் எடுத்துவிடலாமே என்ற கேள்வியில் தவறில்லை. ஆனால் தொல்லியலாளர் தேடுவது பொருளுக்கும் அது கிடந்த மண்ணுக்கும் உள்ள உறவை.

மேட்டை மேலிருந்து கீழே அறுத்துப் பார்த்தால் மண் வரிவரியாகத் தெரியும். இதை மண்ணடுக்கு என்கிறார்கள். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. மனிதர் கைபடாத, ஓடோ கரியோ எதுவும் இல்லாத அடிமண்ணுக்குக் கன்னிமண் என்று பெயர். அது வந்ததும் தோண்டுவதை நிறுத்துவார்கள். கன்னிமண்ணுக்கும் மேல்மண்ணுக்கும் இடையில் உள்ள அந்தச் சில அடிகள்தான் அந்த ஊரின் முழு வரலாறு.

ஒரு சிறு ஓட்டை எடுத்துக்கொள்வோம். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. கறுப்பு சிவப்பு மண்கலம் என்று பெயர். பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைக்கும்போது, காற்றுப் புகாத உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுத்துவிடும். காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவந்துவிடும். இந்த ஓடு தனியாக உங்கள் கையில் இருந்தால், 'இரும்புக் கால வகை, பழையது' என்பதற்குமேல் அதிகம் சொல்ல முடியாது. அதே ஓடு, கையால் வனைந்த சாம்பல்நிறப் பானை ஓடுகள் கிடக்கும் அடுக்குக்கு நேர் மேலே, ஓர் அடுப்புக் கரியோடு சேர்ந்து கிடந்தால், கற்கோடரிக் காலத்திலிருந்து இரும்புக் காலத்துக்கு இந்த ஊர் எப்போது மாறியது என்று சொல்லலாம். ஓடு அதே ஓடுதான். கிடந்த இடம் தெரிந்ததால் பேசுகிறது.

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு: கம்பக்குழி. குடிசைக்கு நட்ட மரக்கம்பம் மக்கிப்போன பிறகு அந்தக் குழியில் மேலிருந்து கருமண் இறங்கி நிரம்பும். பல ஆயிரம் ஆண்டு கழித்துத் தரையைச் சிறு கொத்தால் சுரண்டிக்கொண்டே போனால், செம்மண்ணில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். அங்கே எடுத்து வைக்கப் பொருள் ஒன்றுமில்லை, நிறம் மட்டும்தான். ஐந்தாறு வட்டங்கள் வளைந்து நின்றால் அது ஒரு வட்டக் குடிசை. குழியில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்கள் பலர் இந்த மாற்றத்தை அதிகாரிக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். வருடக்கணக்காகக் களை கொத்திய கை, மண் இளகுவதை உடனே உணரும். ஜேசிபியின் வாளி ஒரு முறை இறங்கினால் அந்தக் குடிசை முழுவதும் போய்விடும். அப்படி ஒன்று இருந்ததே ஓட்டுநருக்குத் தெரியாது.

கலைந்த மண்ணுக்கு வயது சொல்ல முடியாது

காலக்கணிப்பு என்ற சொல் செய்திகளில் அடிக்கடி வருகிறது. இந்த வட்டாரத்துக்கு முக்கியமான முறைகள் இரண்டு.

1. கரிமக் காலக்கணிப்பு. உயிருள்ள மரமும் விதையும் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொள்கின்றன. செத்த பிறகு புதிதாக எடுப்பது நின்றுவிடும்; உள்ளே இருப்பது சிதைந்து குறைந்துகொண்டே போகும். சுமார் 5730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரியும். இன்றைய முடுக்கி நிறை நிறமாலைமானி (AMS) முறைக்குச் சில மில்லிகிராம் கரி போதும். ஆனால் அந்தக் கரி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். நேற்று எரித்த துவரைமாரின் கரி அதனோடு கலந்தால் கணக்கே தவறிவிடும்.

2. ஒளி உமிழ்வுக் காலக்கணிப்பு. மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று சொல்லும் முறை இது. மண்ணில் புதைந்த துகள் சுற்றியுள்ள கதிர்வீச்சை மெல்ல மெல்லச் சேமிக்கிறது. வெயில் பட்டதும் அந்தச் சேமிப்பு அழிந்து கணக்கு மறுபடி தொடங்குகிறது. அதனால்தான் வெளிச்சம் புகாத குழாயைக் குழிச் சுவரில் அடித்து இறக்கி, அப்படியே மூடி எடுத்துப் போகிறார்கள்.

நிலம் சமப்படுத்தும் இயந்திரம் என்ன செய்கிறது என்று இப்போது பாருங்கள். மேலடுக்குக் கரியையும் கீழடுக்குக் கரியையும் கலக்கிறது. முதல் முறை கெட்டது. புதைந்த மணலைப் புரட்டி வெயிலில் போடுகிறது. இரண்டாவது முறையும் கெட்டது. பொருள்களை எல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டி அருங்காட்சியகத்தில் கொடுத்தாலும் வயது திரும்பி வராது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு மயிலாடும்பாறையே சான்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகில் இருக்கும் இந்த மலையடிவாரத்தில் 2003-இல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். 2021 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. இரும்புப் பொருள்கள் கிடைத்த அடுக்குகளிலிருந்து எடுத்த கரி மாதிரிகள் கி.மு. 1615, கி.மு. 2172 என்ற காலத்தைக் காட்டின. முதலமைச்சர் 2022 மே 9 அன்று இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தமிழ்நாட்டில் இரும்பின் காலம் அன்று 4200 ஆண்டுகளுக்குப் பின்னால் போனது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலக்கணிப்புகள் அதை இன்னும் பின்னால் கொண்டுபோயின; ஆனால் அந்த விவாதத்துக்கு வாசலைத் திறந்தது கிருஷ்ணகிரி மண்.

அந்தக் கரி கிடைத்த ஆழம் ஒன்றரை மீட்டருக்கு உட்பட்டது. ஒரு சாதாரண வீட்டுக்கு அடித்தளம் தோண்டும் ஆழம்தான். கிடங்குக் கட்டடத்துக்குத் தரை சமப்படுத்தும்போது அரை நாளில் போய்விடக்கூடிய ஆழம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் பதறுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

குழப்பம் அதிகம் உள்ள இடம் இது. தனித்தனிச் சட்டங்கள் பல. ஒவ்வொன்றும் ஒரு பகுதியை மட்டும் தொடுகிறது.

1. மத்தியச் சட்டம், 1958. தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அறிவித்த நினைவுச்சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கிறது. 2010-இல் வந்த திருத்தத்தின்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இராயக்கோட்டை மலைக்கோட்டை போலப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

2. மாநிலச் சட்டம், 1966. மாநில அரசு அறிவித்த சின்னங்களுக்கும் இடங்களுக்கும் உரியது. இங்கேயும் அடிப்படை, அறிவிக்கை வெளியாகியிருக்க வேண்டும் என்பதே.

3. புதையல் சட்டம், 1878. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டமானாலும் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனால் இதன் கவனம் பொருளின் மேல்தான். மண்ணடுக்கைப் பற்றி அதற்கு அக்கறையில்லை.

4. தொல்பொருள் சட்டம், 1972. நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை, நாணயம் போன்றவற்றை உரிமமின்றி விற்பதையும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதையும் தடுக்கிறது. இதுவும் பொருளைப் பற்றியதே.

5. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006. பெரிய தொழிற்பூங்காக்களுக்கு முன்அனுமதி வேண்டும். விண்ணப்பப் படிவம் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டத்தால் காக்கப்பட்ட இடங்கள் அருகில் உண்டா என்று கேட்கிறது.

ஐந்தாவதில் உள்ள 'காக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரும் ஆய்வு செய்யாத நத்தமேடு எந்தப் பட்டியலிலும் இருக்காது. பட்டியலில் இல்லாததால் படிவத்தில் 'இல்லை' என்று எழுதலாம். அது பொய்யும் ஆகாது. 'இல்லை' என்று எழுதியாயிற்று என்பதால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். யாரும் போய்ப் பார்க்காததால் அது பட்டியலில் ஏறாது. இந்தச் சுழலுக்குள்தான் ஓர் ஊரின் மூவாயிரம் ஆண்டு காணாமல் போகிறது.

நிலமெடுப்புச் சட்டத்திலும் ஓர் உள்விவரம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கிராமத்தின் பொதுச் சொத்துகள், வழிபாட்டு இடங்கள் பற்றியெல்லாம் அங்கே பேச இடம் உண்டு. ஆனால் தமிழ்நாடு, தொழில் நோக்கத்துக்கான நிலத்துக்குத் தன்னுடைய 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அந்த வழியில் நிலம் எடுக்கும்போது அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. நில உரிமையாளருக்கு ஆட்சேபம் சொல்ல அறிவிப்பு வரும், அவ்வளவுதான்.

சரியான வரிசையில் செய்தால் எப்படி இருக்கும்

கட்டுமானத்துக்காகவோ அணைக்காகவோ அழியப்போகும் இடத்தை முன்கூட்டியே ஆய்வு செய்வதை மீட்பு அகழாய்வு என்பார்கள். ஆராய்ச்சிக்காக இடம் தேர்ந்து ஆண்டுதோறும் தோண்டுவதிலிருந்து இது வேறுபட்டது. இங்கே காலக்கெடு உண்டு. இடத்தைத் தேர்வு செய்வதும் தொல்லியலாளர் கையில் இல்லை.

1. ஆவணம் பார்ப்பது. 'அ' பதிவேடு (ஊரின் நிலப் பதிவேடு), புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), பழைய நில அளவை வரைபடம் மூன்றையும் வைத்து நத்தம், மேடு, கோட்டை, பாழ் என்று பெயரோடு வரும் சர்வே எண்களைக் குறிப்பது. ஒரு மேசையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். இந்த மாவட்டங்களில் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும்.

2. நடந்து பார்ப்பது. உழுது ஒரு மழை பெய்த பிறகு நடந்தால் நல்லது. மண் கழுவப்பட்டு ஓடுகள் பளிச்சென்று தெரியும். சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து, ஓடு, கசடு, கல்வட்டம் எங்கெங்கே என்று குறித்துக்கொள்வார்கள். கூடவே ஆடு மேய்ப்பவரிடம் பேச வேண்டும். எந்தப் புதருக்குள் எந்தக் கல் நிற்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

3. சோதனைக் குழி. ஓடு மேலே கிடப்பதால் மட்டும் கீழே அடுக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்ததாக இருக்கலாம், எருவோடு கொட்டியதாக இருக்கலாம். சிறு குழிகள் வெட்டி, கலையாத அடுக்கு உண்டா, எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள்.

4. முடிவெடுப்பது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிலத்தில் ஒன்றும் இருக்காது. அதை அன்றே விடுவித்துவிடலாம். சில இடங்களில் வரைபடத்தை மாற்றினால் போதும். தொழிற்பூங்காவில் பசுமைப் பரப்புக்கென்று எப்படியும் நிலம் ஒதுக்க வேண்டும். நத்தமேட்டை அதற்குள் கொண்டுவந்துவிட்டால் தோண்டவே தேவையில்லை. ஆனால் அங்கே குழி வெட்டி மரக்கன்று நடக்கூடாது, ஆழ வேர் அடுக்கைக் கிழித்துவிடும், புல் வளரவிடலாம். இதுவும் முடியாத இடத்தில்தான் முழு அகழாய்வு.

5. முழு அகழாய்வு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு குழிகளாக்கி, நடுவில் தோண்டாத மண்வரப்பு விடுவார்கள். வரப்பின் பக்கச் சுவரில்தான் அடுக்குகளைப் படிக்க முடியும். ஒவ்வோர் அடுக்குக்கும் சீட்டுக் குத்துவார்கள். எடுத்த மண்ணைச் சலிப்பார்கள். ஒரு பகுதியைத் தண்ணீரில் கரைத்து, மிதக்கும் கருகிய விதைகளைத் துணியில் வடிப்பார்கள். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தின் பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்கால அடுக்கில் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. இன்றும் இந்த மேட்டுநிலத்து மானாவாரிக் காட்டில் விதைப்பது அதே கொள்ளுதான்.

6. எழுதுவது. வரைபடம், படம், பட்டியல், அறிக்கை. இது வராத அகழாய்வு, அழிவுக்குச் சமம். தோண்டுவதும் ஒரு வகையில் அழிப்பதே. ஒருமுறை எடுத்த அடுக்கை மறுபடி வைக்க முடியாது. பதிவு இருந்தால்தான் அது ஆய்வு.

முதல் இரண்டு படிகளுக்குப் பெரிய செலவில்லை. சில ஆட்கள், சில வாரங்கள். பல நூறு ஏக்கரைச் சமப்படுத்த ஆகும் செலவோடு ஒப்பிடவே முடியாது. ஆறு படிகளையும் எல்லா இடத்திலும் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் முதல் இரண்டையும் எந்த நிலமெடுப்பிலும் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் கடைசி நேரத்தில் முடியாது

மாநில அரசே ஆனாலும் நினைத்த அன்று தோண்ட முடியாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, காக்கப்படாத இடத்தில்கூட அகழாய்வுக்கு மத்திய அரசின் முன்ஒப்புதல் வேண்டும். ஆண்டுதோறும் இடங்களின் பட்டியலை அனுப்பி, மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி பெற்றுத்தான் தொடங்குகிறார்கள். பிறகு மழை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் குழிக்குள் தண்ணீர் நின்றால் சுவர் சரியும். ஆக, இயந்திரம் நிலத்துக்கு வந்த பிறகு 'ஒரு வாரம் பொறுங்கள், தோண்டிப் பார்க்கிறோம்' என்று சொல்வது நடக்காது. ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முன்பே தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நாகார்ஜுனகொண்டா சான்று. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை வந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் மூழ்கும் என்று தெரிந்ததும், 1954-இல் தொடங்கி 1960 வரை மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. பௌத்த விகாரங்களும் தூபிகளும் வெளிப்பட்டன. சிலவற்றை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். நீருக்கு மேல் மிஞ்சிய குன்று இன்று தீவு அருங்காட்சியகமாக இருக்கிறது. அணை வேலையும் தடைபடவில்லை, வரலாறும் போகவில்லை.

நம் பக்கத்திலேயே மாறான சான்று உண்டு. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபோது காவிரிக் கரை ஊர்கள் பல நீருக்குள் போயின. தண்ணீர் வெகுவாக வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். எதிர்க்கரை நாகமரையிலிருந்தும் போய்ப் பார்ப்பார்கள். கல்லும் சுண்ணாம்பும் ஆனதால் அவை நிற்கின்றன. அந்த ஊர்களின் மண்வீடுகள், அவற்றுக்கு அடியில் இருந்த இன்னும் பழைய அடுக்குகள் தலைகாட்டப் போவதில்லை.

வெளிநாடுகளில் இது ஒழுங்குமுறையாகவே மாறிவிட்டது. பிரான்சில் 2001-இல் தனிச்சட்டம் வந்தது. கட்டுமானத்துக்கு முன் நிலப்பரப்பில் 5 முதல் 10 விழுக்காடு வரை சோதனை அகழிகள் வெட்டிப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 1990 முதல், நிலத்தில் கட்ட வருபவரே ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது திட்ட அனுமதியின் பகுதி. இந்தியாவில் உலக வங்கிக் கடனில் நடக்கும் சில திட்டங்களில், வேலையின்போது தொல்பொருள் கிடைத்தால் நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அது கடன் கொடுத்தவர் வைத்த நிபந்தனை. நம் சொந்தப் பணத்தில் கட்டும்போது அதைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் இல்லை என்பது வருத்தம் தருகிறது.

ஊர்க் கேள்விகள்

நிலம் போய்விடுமா? அகழாய்வுக்காகத் தோண்டுவதால் மட்டும் பட்டா மாறாது. தமிழ்நாட்டு நடைமுறையில் நில உரிமையாளரின் இசைவு பெற்றுத்தான் தோண்டுகிறார்கள். பருவம் முடிந்ததும் குழியை மூடித் திருப்பிக் கொடுத்த இடங்கள் பல. அகழாய்வால் நிலத்துக்கோ விளைச்சலுக்கோ இழப்பு ஏற்பட்டால் இழப்பீடு தர மத்தியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு வழிசெய்கிறது. காப்பிடமாக அறிவித்தால் நிலைமை வேறு. சுற்றிலும் கட்டுமானக் கட்டுப்பாடு வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஓடு கிடப்பதையே வெளியில் சொல்லப் பயப்படுகிறார்கள்.

தங்கம் கிடைத்தால்? இந்த வகை மேடுகளில் கிடைப்பது ஓடு, எலும்பு, மணி, இரும்புத் துண்டு. அபூர்வமாக மதிப்புள்ள பொருள் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பங்கீடு இருக்கிறது: உரிமை கோர யாரும் இல்லாமல், வேறு உடன்பாடும் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நில உரிமையாளருக்கு நான்கில் ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கு போய், தண்டனை வரும்.

நடுகல்லை எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா? கல் பிழைக்கும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நல்ல நடுகற்கள் இருக்கின்றன; அங்கே போனதால்தான் அவை உடைபடாமல் தப்பின. ஆனால் நடுகல் எழுத்து ஊர்ப்பெயரும் நாட்டுப்பெயரும் சொல்லும். இன்ன மன்னன் ஆண்டில், இன்ன ஊரில் தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான், அதாவது இறந்தான், என்று சொல்லும். அந்தக் கல் எந்த ஏரிக்கரையில், எந்த வழித்தடத்தில் நின்றது என்று தெரிந்தால்தான் அந்த ஊரை நிலத்தில் அடையாளம் காணலாம். சாலை விரிவாக்கத்தில் நகர்த்தித்தான் ஆகவேண்டுமென்றால், முதலில் நின்ற இடத்தை அளந்து, திசையைக் குறித்து, படம் எடுத்துவிட வேண்டும். வேடியப்பனை வணங்கும் குடும்பங்களைக் கேட்காமல் நகர்த்துவது அதைவிடப் பெரிய தவறு.

எப்போது, எங்கே சொல்ல வேண்டும்

சொல்ல வாய்ப்புள்ள நேரங்கள் சில.

1. நிலமெடுப்பு அறிவிப்பு வந்ததும், ஆட்சேபம் தெரிவிக்கும் கெடுவுக்குள். 'எங்கள் ஊர் பழமையானது' என்று பொதுவாக எழுதினால் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. சர்வே எண், உட்பிரிவு, அங்கே என்ன தெரிகிறது, அளவுகோல் வைத்து எடுத்த படம் ஆகியவை வேண்டும். ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

2. சுற்றுச்சூழல் முன்அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு. நாள் குறித்துக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அங்கே பேசுவதும் எழுதிக் கொடுப்பதும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். படிவத்தில் 'இல்லை' என்று எழுதியதற்கு மறுப்பு அங்கேதான் முறைப்படி பதிவாகும்.

3. கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. நத்தமேட்டின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தொல்லியல் கள ஆய்வு கோரும் தீர்மானத்தை எந்தக் கூட்டத்திலும் கொண்டுவரலாம். திட்டம் எதுவும் அறிவிக்காத ஊரிலும் கொண்டுவரலாம்; அதுதான் நல்லதும். தீர்மான நகல் மாவட்ட ஆட்சியருக்கும் சென்னையில் உள்ள மாநிலத் தொல்லியல் துறை ஆணையருக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் போக வேண்டும். ஒப்புகை வந்ததும் அதைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள். நிலமெடுப்பு அறிவிப்பு ஒரு நாள் வரும்போது, மேடு இருப்பது அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தத் தேதி அங்கே இருக்கும்.